அம்மம்மாவின் பெட்டியில் இருந்த வெள்ளிக் காசுகள்: விற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய நாணயங்கள் சேர்த்து வருகிறேன். வீடு வெள்ளவத்தையில். யார் வீட்டிலாவது ஒரு மரணம் நடந்து, முப்பத்தொன்றும் முடிந்து, அலுமாரியை ஒதுக்கத் தொடங்கினால், இரண்டு வாரத்துக்குள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "கொஞ்சம் பழைய காசு இருக்கு, ஒருக்கா பாக்கிறீங்களா?" கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும்?

காசைத் தொடுவதற்கு முன் பெட்டி இருக்கிறபடியே ஒரு படம் எடுங்கள். காசு சுற்றியிருந்த துணி, கடிதாசித் துண்டு, பழைய தகரப் பேணி எதையும் எறிய வேண்டாம். ஒரு வீட்டில் பதினொரு காசு ஒரு சீலைத் துண்டில் முடிந்திருந்தது. உள்ளே ஒரு சின்னச் சீட்டு, தாத்தாவின் கையெழுத்தில்: "ஈப்போவில் இருந்து கொண்டுவந்தது." ஈப்போ மலாயாவில் ஒரு ஊர். அந்த மூன்று சொல்லாலேயே அவை என்ன காசு, எந்தக் காலத்தவை என்பதில் பாதி தெரிந்துவிட்டது. அந்தச் சீட்டைக் குப்பையில் போட்டிருந்தால் வெறும் பதினொரு வெள்ளிக் குற்றிதான் மிஞ்சியிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து எடுத்து, மெத்தென்ற துணியின்மேல் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒரு கொப்பியில் எண் போட்டு எழுதுங்கள். இது ஒரு இரவு வேலை. அதுவரை யாருக்கும் காட்ட வேண்டாம், விலையும் கேட்க வேண்டாம்.

கறுத்துப் போயிருக்கிறதே, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. புளி, தேசிக்காய், பற்பசை, வெள்ளிச் சாமான் மினுக்கும் திரவம், எதுவுமே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

எனக்குப் பதினைந்து வயதில் அப்பப்பா 1893ஆம் ஆண்டு ஐம்பது சதக் காசு ஒன்றைத் தந்தார். விக்டோரியா மகாராணியின் முகத்தில் நீலமும் சாம்பலும் கலந்த நிழல் படிந்திருந்தது. கூந்தலின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. குத்துவிளக்குக்கு அம்மா செய்வதைப் பார்த்துப் பழகிய கை. புளி போட்டு ஊறவைத்து, விபூதியால் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். பல வருடம் கழித்து ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டியபோது அவர் அதை விளக்குக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்தார். முகம் முழுவதும் தலைமயிர் போன்ற நுண்ணிய கீறல்கள், ஆயிரக்கணக்கில். "இது இனி வெள்ளி விலைதான் தம்பி" என்றார். அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

வெள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து மெல்ல மெல்ல உண்டாகும் படலம் அது. சேகரிப்பவர்கள் அந்தப் படலத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், ஏனென்றால் காசை யாரும் தேய்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தேய்க்கும்போது கறுப்போடு சேர்ந்து வெள்ளியின் மேற்பரப்பும் போகிறது. போனது திரும்பி வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

எங்கள் வீடுகளில் வழக்கமாக என்ன வெள்ளிக் காசுகள் கிடைக்கும்?

அதிகம் கிடைப்பது இந்திய ரூபாதான். ஆச்சரியப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் இலங்கையிலும் புழங்கியது அந்த ரூபாதான். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபா ஒவ்வொன்றும் 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவை எடையில் அதே, ஆனால் பாதிதான் வெள்ளி. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலைகள் போட்ட ரூபாக்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. "1862 என்று போட்டிருக்கிறது, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது" என்று ஆவலோடு சொல்வார்கள். அந்த ஆண்டை மட்டும் மாற்றாமல் பல வருடம் தொடர்ந்து அடித்தார்கள், அதனால் 1862 மிகச் சாதாரணம். பழையது வேறு, அரியது வேறு.

இலங்கைக்கென்றே அடித்த வெள்ளிக் காசுகளில் 10, 25, 50 சதங்கள் முக்கியமானவை. 1892இல் தொடங்கியவை ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல் இருந்து வந்தவற்றில் அது 550 ஆகக் குறைந்தது. ஐம்பது சதம் இரண்டு காலத்திலும் 5.83 கிராம்தான், கையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆண்டைப் பார்க்காமல் விற்றால் ஏமாறுவது இங்கேதான்.

1957இல் புத்த ஜயந்திக்காக வந்த ஐந்து ரூபா பெரிய காசு, 28.28 கிராம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பலர் வீட்டில் ஒன்றாவது இருக்கும்.

யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்களில் இன்னொரு வகையும் உண்டு. மலாயா ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பிய தாத்தாமார் கொண்டுவந்த நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரித்தானியக் குடியேற்றம்) டொலர்கள். இவற்றின் கதை சுவையானது. 1903, 1904 டொலர் கிட்டத்தட்ட 27 கிராம். வெள்ளி விலை ஏறியதும் 1907இல் இருந்து 20 கிராம் ஆக்கினார்கள். 1919, 1920இல் அது கிட்டத்தட்ட 17 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. பெயர் ஒன்றுதான், காசு மூன்று. ஈப்போச் சீட்டு இருந்த அந்தச் சீலை முடிச்சில் மூன்றும் கலந்து இருந்தன.

அரிதாக மட்டும் கண்ணில் படுவது பிரித்தானியர் இலங்கைக்கென்று அடித்த 1821 றிக்ஸ் டொலர். ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் யானை. அதற்கும் முந்தியது 1803 முதல் 1809 வரை வந்த யானைக் காசு, 96, 48, 24 என்று மதிப்பு எழுதியது. இந்த இரண்டில் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் இந்தப் பக்கத்தை மிக மெதுவாக வாசியுங்கள்.

கொக்கிபோல் வளைந்த வெள்ளிக் கம்பி ஒன்று இருந்தால் அதைக் காதணித் துண்டு என்று நினைத்து உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அது லாரின் ஆக இருக்கலாம். பாரசீகத்தின் லார் நகரப் பெயரைக் கொண்டது, கண்டி இராச்சியத்தில் காசாகவே புழங்கியது.

எடை பார்க்க எப்படிப்பட்ட தராசு வேண்டும்?

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின் தராசு. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். சமையலறைத் தராசு போதாது. அதோடு விட்டம் அளக்க ஒரு வேர்னியர். புழங்கித் தேய்ந்த காசு சொன்ன எடையைவிடக் கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஆனால் கூர்மை குறையாத காசு ஒரு கிராம் குறைந்தால், அல்லது எந்தக் காசானாலும் எடை கூடினால், சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே வெள்ளியா என்று பார்க்க முடியுமா?

முடியும், காசுக்கு ஒரு கீறலும் விழாமல். முதலில் காந்தம். வலுவான சின்னக் காந்தத்தைச் சாய்த்துப் பிடித்த காசின்மேல் விடுங்கள். ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாததால் மட்டும் வெள்ளி என்று ஆகாது, பித்தளையும் ஒட்டாது. ஆனால் வெள்ளிமேல் காந்தம் தயங்கித் தயங்கி வழுக்கும், அதைக் கண்ணால் பார்க்கலாம். காசின் மேற்பரப்பில் உரசாமல் இருக்க நடுவில் மெல்லிய கடிதாசி ஒன்றை வையுங்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. காசை எடை போடுங்கள். பிறகு ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூச்சியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் வருவது அடர்த்தி.

என் மேசையில் இருக்கும் 1907 ரூபா ஒன்று: 11.58 கிராம். தண்ணீரில் 1.12. வகுத்தால் 10.34. நல்ல ரூபா 10.3 பக்கத்தில் நிற்கவேண்டும். தூய வெள்ளி 10.49. பித்தளைமேல் வெள்ளி பூசியது என்றால் எட்டரைச் சொச்சம்தான் வரும். கை நடுக்கத்தால் தராசு 0.01 பிசகினாலே விடை பத்தில் ஒன்று மாறும், அதனால் மூன்று தடவை செய்யுங்கள். பத்துச் சதம் போல ஒரு கிராம் சொச்சமே உள்ள காசுக்கு இது சரிவராது.

வெள்ளி உண்மை என்றால் காசும் உண்மைதானே?

இல்லை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். நல்ல வெள்ளியிலேயே போலிக் காசு அடிப்பார்கள், ஏனென்றால் அரிய காசின் விலை வெள்ளியின் விலையைவிடப் பல மடங்கு. 1939 இந்திய ரூபா மிக அரியது. அதனாலேயே சந்தையில் காண்கிற 1939களில் போலி நிறைய. சாதாரண ஆண்டு ஒன்றின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியும் இருக்கலாம். ஆண்டு எழுதிய இடத்தைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். ஒரு எண் மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பாகவோ, சுற்றியுள்ள தளம் சற்றுக் குழிந்தோ இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

வார்ப்புப் போலியை விளிம்பு காட்டிக்கொடுக்கும். உண்மைக் காசு அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டது, எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், விளிம்பின் கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்கும். வார்த்ததில் எழுத்து சவர்க்காரம்போல் மழுங்கியிருக்கும். தளத்தில் ஊசி குத்தியதுபோல் சின்னக் குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக்கோடு.

ஆண்டை நம்பி ஏமாறுவதற்கு நல்ல உதாரணம் மரியா தெரேசா தாலர். அரபுக் கடல் வாணிபத்தோடு இந்தப் பக்கம் வந்த ஒஸ்திரியக் காசு, 28 கிராம் சொச்சம். எல்லாவற்றிலும் 1780 என்றே இருக்கும். மகாராணி அந்த ஆண்டு இறந்தார், அதற்குப் பிறகும், இருபதாம் நூற்றாண்டிலும்கூட, அதே ஆண்டைப் போட்டுப் பல நாடுகளில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். போலி அல்ல, ஆனால் 1780இல் பிறந்ததும் அல்ல.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல காசுகள் காசுமாலையிலோ பதக்கத்திலோ கோத்திருந்தவை. வளையம் ஒட்டிய பற்றுத் தடம், துளையை அடைத்த இடம் எல்லாம் விளிம்பில், பன்னிரண்டு மணி திசையில் இருக்கும். காசு உண்மையானது, ஆனால் விலை வெகுவாகக் குறையும். வளையம் இன்னும் இருந்தால் கழற்றாதீர்கள். முழு மாலையாக இருந்தால் மாலைக்கே ஒரு மதிப்பு உண்டு.

கொழும்பில் இயந்திரப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகார சபை கொழும்பு 3இல் இருக்கிறது. உலோகத்தின் தரம் பார்க்கும் சேவை அங்கே உண்டு. போகும் முன் தொலைபேசியில் கேட்டு, காசைக் கீறாத எக்ஸ்கதிர் முறையில் பார்ப்பார்களா என்று உறுதிப்படுத்துங்கள். செட்டியார் தெருவில் பெரிய நகைக்கடைகள் சிலவற்றிலும் அந்த இயந்திரம் இருக்கிறது. இரண்டு விஷயத்தை மறக்கவேண்டாம். இயந்திரம் மேற்பரப்பை மட்டும் படிக்கும், தடித்த பூச்சு அதை ஏமாற்றும். அதனால் தண்ணீர்ச் சோதனையின் விடையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்தது, அது சொல்வது உலோகத்தை, காசை அல்ல.

உரைகல்லில் உரைக்கவோ, அரத்தால் ராவவோ, அமிலம் விடவோ யாருக்கும் விடாதீர்கள். நகைக்கு அது சரி. நகைக்கடைக்காரர் பழக்கத்தில் கையை நீட்டுவார், கெட்ட எண்ணத்தில் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒரு கடையில் நின்று தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவருடைய றிக்ஸ் டொலரின் விளிம்பில் ஒரு ராவல் விழுந்துவிட்டது. யானைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. அதனால், காசைக் கையில் இருந்து விடும் முன்பே "உரைக்க வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நூதனசாலையில் விலை சொல்வார்களா?

விலை கேட்கும் இடம் அல்ல, ஆனால் கட்டாயம் போகவேண்டிய இடம். கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கொழும்பு 7இல் தேசிய நூதனசாலையிலும் நாணயங்கள் உண்டு. உங்கள் காசின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உண்மைக் காசைக் கண்ணாடிக்குள் அரை மணித்தியாலம் உற்றுப் பாருங்கள். யானையின் தும்பிக்கை எப்படி வளைகிறது, எழுத்துக்கு இடையில் எவ்வளவு இடம். ஒரு தடவை பார்த்த கண் போலியை எளிதில் ஏற்காது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் கோட்டையில் இறங்கலாம், ஒரு காலை நேரம் போதும்.

விலையை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

ஒவ்வொரு காசுக்கும் இரண்டு விலை. ஒன்று வெள்ளி விலை, மற்றது சேகரிப்பவர் தரும் விலை. முதலாவதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 11.66 கிராம் ரூபாவை 0.917ஆல் பெருக்கினால் 10.69 கிராம் தூய வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்குங்கள். கணக்குக்காகக் கிராம் நூறு ரூபா என்று வைத்தால் 1,069 ரூபா. உலகச் சந்தையில் விலை அவுன்ஸ் கணக்கில் இருக்கும், ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். அதே கணக்கில் 1957 ஐந்து ரூபாவில் 26.16 கிராம் தூய வெள்ளி. ஐம்பது சதத்தில் 1919க்கு முந்தியது என்றால் 4.66 கிராம், பிந்தியது என்றால் 3.21. கடைக்காரர் உருக்குக் கழிவு, தன் இலாபம் இரண்டையும் கழிப்பார், அது நியாயம். எவ்வளவு கழிக்கிறார் என்று கேட்பதும் நியாயம்தான்.

இரண்டாவது விலைக்கு ஆண்டு, அடித்த நாணயசாலை, எவ்வளவு தேய்ந்தது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற நாலும் சேரவேண்டும். முதலில் உங்கள் காசின் கே.எம். எண்ணைக் கண்டுபிடியுங்கள். உலக நாணயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டியல்காரர் கொடுத்த எண் அது, நுமிஸ்டா தளத்தில் இலவசமாகத் தேடலாம். பிறகு ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. ஒருவர் கொடுத்த விலைதான் விலை.

தரம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. காசின் மிக உயர்ந்த இடம் முதலில் தேயும்: ராணியின் கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், மன்னரின் மீசை, மகுடத்தின் கற்கள். அவை தெளிவாக இருந்தால் நல்ல தரம். சேகரிப்பாளர் 1இல் இருந்து 70 வரை எண் கொடுப்பார்கள், 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காதது. நம் வீட்டுக் காசுகள் பெரும்பாலும் 15க்கும் 40க்கும் இடையில் நிற்கும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, கைமாறிக் கைமாறி வந்த காசு அப்படித்தான் இருக்கும்.

அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்கலாமா?

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் காசைப் பார்த்து, தரம் எழுதி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அவர்களின் சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் சாதாரண ரூபாவின் விலையையே தாண்டிவிடும். 1821 றிக்ஸ் டொலர், 1939 ரூபா போன்றவற்றுக்கு மட்டும் யோசியுங்கள். அதற்கும் சட்டப்படி ஒரு தடை இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

லண்டனில் இருக்கும் அண்ணா கொண்டுபோய் அங்கே விற்கலாமா?

அனுமதி இல்லாமல் முடியாது. சூட்கேசில் உடுப்புக்கு இடையில் வைத்துக் கொண்டுபோனால் கட்டுநாயக்காவில் பிடிபடுவது காசு மட்டும் அல்ல, அண்ணாவும்தான்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது, நாணயங்களும் அதில் சேரும். கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. ஆகவே 1803 யானைக் காசு, லாரின், யாழ்ப்பாண அரசர்களின் சேது காசு (இது செம்பு) எல்லாம் உள்ளே வரும். இதைவிட 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயங்களையும் கவனத்தில் எடுக்கிறது. அதனால் 1821 றிக்ஸ் டொலரும் தப்பாது. தரம் பார்க்க அனுப்புவதும் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதுதான். கொழும்பு 7இல் தேசிய நூதனசாலைக்குப் பக்கத்தில் தொல்பொருளியல் திணைக்களம் இருக்கிறது. படங்களோடு போய் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

வளவில் கிணறு வெட்டும்போது கிடைத்த காசு என்றால் கதை வேறு. மண்ணில் இருந்து எடுத்த தொல்பொருள் அரசுக்குரியது, அறிவிக்கவேண்டும். பெட்டியில் வழிவழியாக வந்தது என்பதற்கு அந்தச் சீட்டும் துணியும் முதல் நாள் எடுத்த படமும் உதவும்.

செட்டியார் தெருவுக்குப் போனால் எப்படிப் பேசுவது?

உங்கள் கொப்பியோடு போங்கள். கூட ஒருவரையும் கூட்டிப்போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமோ, கதிரேசன் கோவிலில் வேல் விழா நடக்கும் நாளோ வேண்டாம், யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

கடைக்காரர் முதலில் எல்லாக் காசையும் ஒன்றாகத் தராசில் கொட்டப் பார்ப்பார். அந்த நொடியில்தான் அரிய காசும் சாதாரணக் காசும் ஒரே விலையாகின்றன. "ஒவ்வொன்றாகப் பாருங்கோ அண்ணை, எடை எழுதி வச்சிருக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே மாறும். மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். அன்று விற்கவே வேண்டாம், விலையை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். "இப்பவே தந்தால் இந்த விலை, பிறகு வந்தால் இல்லை" என்பவரிடம் பிறகும் போகவேண்டாம். காசை உங்கள் கண்ணுக்கு மறைவாக உள்ளே கொண்டுபோக விடவேண்டாம். வைத்துவிட்டுப் போகச் சொன்னால் படமும் எடையும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் வைக்காதீர்கள்.

சாதாரண ரூபாக்களுக்குச் செட்டியார் தெரு நல்ல இடம்தான். அரிய காசுக்கு வெள்ளிக் கடை சரியான இடம் அல்ல. அதற்குச் சேகரிப்பாளரைத் தேடவேண்டும். நாணயக் கண்காட்சிகளில், சேகரிப்பாளர் கூட்டங்களில் ஒரே காசை இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். வாங்க ஆசைப்படும் ஒருவர் மட்டும் சொல்லும் மதிப்பை மதிப்பு என்று எடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

முகநூலில் ஒருவர் ஒரு காசுக்கு இருபது லட்சம் தருகிறேன் என்கிறார்...

தரமாட்டார். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார், பிறகு வரி, பிறகு கூரியர். கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படி ஏமாற்றியதால் அந்த வங்கி 2021 ஓகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது. காசு வாங்குபவர் உங்களுக்குப் பணம் தரவேண்டும், உங்களிடம் பணம் கேட்கக்கூடாது.

இராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதிய காசையும் நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. அது அரிசியை இழுக்கும், சக்தி உள்ளது என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களின் கதையை நம்பி வீடு ஈடுவைத்தவர்களும் உண்டு. பூசையறையில் வைத்துக் கும்பிடுங்கள், அதில் பிழை இல்லை. விற்கவோ வாங்கவோ வேண்டாம்.

நாங்கள் நாலு பேர் பிள்ளைகள். நான் மட்டும் விற்கலாமா?

காசு உங்கள் அலுமாரியில் இருப்பதால் உங்களுடையது ஆகாது. மரணசாசனம் இருந்தால் அதன்படி. இல்லையென்றால் சட்டப்படி பங்கு, யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டமும் வரும், அதில் வழிவந்த சொத்துக்குப் பெயர் முதுசம். பெரிய தொகை என்றால் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள். சின்னத் தொகை என்றாலும், கொப்பியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். விற்ற பிறகு சொன்னால் காசு போன கவலையைவிட உறவு போன கவலை பெரிதாகிவிடும். கனடாவில் இருக்கும் தங்கைக்கு ஒன்றுமே வேண்டாம், அப்பா அடிக்கடி கையில் வைத்திருந்த அந்த ஒரு ரூபா மட்டும் போதும் என்று சொன்ன வீட்டையும் எனக்குத் தெரியும்.

முடிவெடுக்கும் வரை எங்கே வைப்பது?

மெதுவாக வளையும், புதுச் செருப்பு வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் பைகளில் வேண்டாம். அவை நாள்பட்டால் காசில் பச்சையாக ஒட்டும் பசையை விடும். றப்பர் பட்டி போடவேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது. சந்தனப் பெட்டியும் கற்பூரமும்கூட வேண்டாம். காசு சேகரிப்போருக்கென்றே விற்கும் அட்டை உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். கடற்கரையோரம் இருக்கும் வீடு என்றால் அந்தப் பொட்டலத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.